நடு இருக்கைக்கு மட்டும் அங்கி

எங்கள் கம்பெனியில் இப்போது குடும்பத்தைத் தனியாக விற்கிறார்களாம். போன வாரம் கார்த்திக் போன் செய்து சொன்னான். நான் ஓய்வு பெற்று எழுந்த நாற்காலியில் இப்போது அவன் உட்கார்ந்திருக்கிறான். இணையத்தில் விமான டிக்கெட் எடுக்கும்போது கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வருமாம். அதை அழுத்தி அதற்கென்று தனிக் கட்டணமும் கட்டினால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காரலாம். அழுத்தாவிட்டால் ஆளுக்கொரு மூலை. திட்டத்தின் பெயர் 'உறவு'. விளம்பரப் படத்தில் ஒரு குழந்தை அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்குகிறதாம். அந்தத் தோள் கட்டணத்தில் அடக்கம்.

இதைச் சொல்வதற்காகக் கார்த்திக் கூப்பிடவில்லை. புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்காகப் பயிற்சிப் புத்தகம் ஒன்று போடுகிறார்கள். கொரோனாக் காலத்தில் பயணிகளை எப்படி இடைவெளி விட்டு உட்கார வைத்தோம் என்று அதில் நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "உங்களவிட இது யாருக்கு சார் தெரியும்?" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த 'உறவு' திட்டத்துக்கு ஒரு வகையில் நான்தான் தகப்பன். பெயர் வைத்துக் காது குத்தியவர்கள் வேறு ஆட்கள். கார்த்திக் கேட்ட ஒரு பக்கத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். அவர்கள் அச்சிட மாட்டார்கள்.

என் வேலையின் பெயர் தர்மபுரிப் பக்கம் எங்கள் ஊரான அதியமான்கோட்டையில் யாருக்கும் புரிந்ததில்லை. லோடு கன்ட்ரோலர் என்றால் லாரி ஷெட்டில் வேலை என்று பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். பெரிய தப்பில்லை. விமானத்தில் எத்தனை பேர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், அதன் வயிற்றில் முன் அறையில் எத்தனை பெட்டி, பின் அறையில் எத்தனை பெட்டி, எரிபொருள் எவ்வளவு என்று கூட்டிக் கழித்து, மொத்த எடையும் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று தாளில் எழுதிக் கொடுக்கும் வேலை. அந்தத் தாளைப் பார்த்துக் கேப்டன் ஒப்புக்கொண்ட பிறகுதான் விமானம் நகரும். பாலக்கோடு பக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. பின்னால் அளவுக்கு மீறி ஏற்றினால் முன் சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பும். டிராக்டரில் அதைப் பார்த்துச் சிரிக்கலாம். விமானத்தில் சிரிக்க ஆள் மிஞ்சாது.

படித்தது கணிதம். பெங்களூரில் ஒரு பெரிய விமானக் கம்பெனியில் பெட்டி எண்ணுபவனாகச் சேர்ந்து, எட்டு வருடம் கழித்து இந்த மேசைக்கு வந்தேன். அப்போதெல்லாம் பென்சில், ஸ்கேல், கட்டம் போட்ட தாள். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர், ஒருமுறை நான் பன்னிரண்டு கிலோவைப் பத்தாக்கி எழுதியதைப் பார்த்துவிட்டு, தாளை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் பொய் எண் எழுதியதில்லை. பிறகு அந்தப் பெரிய கம்பெனியை இழுத்து மூடினார்கள். நான் மலிவு விலைக் கம்பெனிக்கு வந்தேன். அங்கே பயணி என்றால் தானாக நடந்து வந்து ஏறிக்கொள்ளும் சரக்கு. எங்கள் தாளில் எல்லோருக்கும் ஒரே எடைதான். எம்.எல்.ஏ.வுக்கும் அவருடைய பையைத் தூக்கி வருகிறவருக்கும் வித்தியாசம் கிடையாது. நாட்டில் சமத்துவம் இருந்த ஒரே தாள் அதுதான் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வேன்.

கொரோனா வந்தபோது நான் ஊரில் மாட்டிக்கொண்டேன். ஓசூரைத் தாண்டிக் கர்நாடகாவுக்குள் போக முடியாது. கம்பெனியோ வேலை நிற்கக் கூடாது என்றது. அதனால் அதியமான்கோட்டையில் என் வீட்டு மாடி அறையில், ஒரு லேப்டாப், இரண்டு போன், ஒரு இன்வெர்ட்டர் ஆகியவற்றோடு விமானங்களைச் சமநிலைப்படுத்தினேன். ஜன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலை. லாரிகூட ஓடாமல் வெறிச்சென்று கிடந்தது. டெல்லியிலும் கொல்கத்தாவிலும் யார் எங்கே உட்காருவது என்று இங்கிருந்து நான் தீர்மானித்துக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்தில் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள். அதனால் சொல்லவும் இல்லை.

சில மாதம் கழித்து விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது விதிமுறைகளும் கூடவே வந்து இறங்கின. பயணிகள் நிற்பதற்குத் தரையில் ஆறடிக்கு ஒரு வட்டம். வட்டம் வட்டமாக நகர்ந்து வந்தவர்களை ஒரே பேருந்தில் கம்பி பிடிக்க இடமில்லாமல் ஏற்றி, விமானத்தடியில் இறக்கி, அங்கே மறுபடி வட்டத்தில் நிற்க வைத்தார்கள். விமானத்துக்குள் நடு இருக்கையை முடிந்தவரை காலியாக விடச் சொன்னார்கள். 'முடிந்தவரை' என்ற சொல்லைப் பார்த்ததும் எங்கள் கம்பெனிக்கு உயிர் வந்தது. முடியவில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டார்கள். நடு இருக்கையில் உட்காருகிறவருக்கு மட்டும் கழுத்திலிருந்து முழங்கால்வரை ஒரு வெள்ளை அங்கி கொடுத்தோம். ஓரத்து ஆளுக்கும் ஜன்னல் ஆளுக்கும் அங்கி கிடையாது. நோய்க்கு நடு இருக்கை மட்டும்தான் பிடிக்கும் என்று யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும். மூன்று பேர் வரிசையில் நடுவில் ஒருவர் மட்டும் ஆபரேஷனுக்குத் தயாரான டாக்டர் போல உட்கார்ந்திருப்பார்.

என் மேலதிகாரி பிரதீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், கோயம்புத்தூர்க்காரர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. 'முடியாது' என்று சொல்லியும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "கன்ஸிடர் பண்ணலாம்" என்பார். ஒவ்வொரு கூட்டத்தையும் "நாம எல்லாம் ஒரே ஃபேமிலி" என்று தொடங்குவார். அப்படித் தொடங்கிய ஒரு கூட்டத்தில் நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார். எந்த உத்தரவையும் எழுத்தில் தர மாட்டார்; போனில்தான். நாம் அதை மின்னஞ்சலில் எழுதி உறுதி கேட்டால் "நோட்டட்" என்று ஒரு வார்த்தையும் கும்பிடும் கைப்படமும் வரும். பிற்பாடு தப்பாகிப்போனால் அவர் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். செய்தது நாம். ஆனால் சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் ஒருநாளும் போனை வைத்ததில்லை. அந்த மரியாதையைக் குறை சொல்ல முடியாது.

ஒரு நாள் வீடியோக் கூட்டத்தில் அவருக்கு ஒரு கவலை. நாம் இடைவெளி விடுகிறோம் என்பதை ஒரு படத்தில் காட்ட வேண்டும், மேலே கேட்கிறார்கள் என்றார். எனக்கும் அப்போது ஒரு தலைவலி இருந்தது. விமானங்கள் பாதியும் முக்காலும்தான் நிறைந்தன. எல்லோரும் சீக்கிரம் இறங்குவதற்காக முன்பக்கமே கேட்டார்கள். விமானத்தின் மூக்கு கனத்துப்போகும். ஒவ்வொரு முறையும் பத்துப் பேரைப் பின்னால் அனுப்ப வேண்டும். அவர்கள் சண்டைக்கு வருவார்கள். இரண்டு தலைவலிக்கும் ஒரே மாத்திரையாக நான் ஒரு யோசனை சொன்னேன். ஒரே டிக்கெட்டில் வருகிற இரண்டு பேரில் ஒருவரை முன்னாலும் ஒருவரைப் பின்னாலும் போட்டுவிடலாம். இருவருக்கும் தாளில் ஒரே எடை. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே படிக்கல் வைத்த மாதிரி சமநிலை அப்படியே நிற்கும். படத்திலும் ஆட்கள் பரவலாகத் தெரிவார்கள். யாரோ ஒரு பெண், குடும்பத்தைப் பிரிப்பதா என்று கேட்டாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது.

"எப்பவும் ஒண்ணாத்தானே இருக்காங்க? ரெண்டு மணி நேரம் பிரிஞ்சிருந்தா ஒண்ணும் ஆயிடாது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரதீப் முதல்முறையாக "கன்ஸிடர்" என்று சொல்லவில்லை. "ப்ரில்லியன்ட்" என்றார்.

ஒரே வாரத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். சேர்ந்து உட்கார விரும்புகிறவர்கள் கட்டணம் கட்டி இருக்கையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரு வாலையும் ஒட்டினார்கள். அந்த வாலை நான் வைக்கவில்லை. ஆனால் மாடு என்னுடையதுதான். அதன் பிறகு என்ன நடந்தது என்றால், காலையில் ஒரே தட்டில் இட்லி தின்ற அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே இருபது வரிசை இடைவெளி. மகளின் இரண்டு தோளிலும் உரசிக்கொண்டு முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள். தெரிந்தவர்களைத் தூரத்தில் வைத்துத் தெரியாதவர்களை மடியில் வைத்த ஒரே தடுப்பு நடவடிக்கை உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். என் தாள்கள் மட்டும் அழகாக இருந்தன. புள்ளி நட்டநடுவில் நிற்கும். அந்த அழகை என் மனைவி சாந்தாவைக் கூப்பிட்டு லேப்டாப்பில் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவனவன் பொண்டாட்டிகூட உக்கார்றதுக்கு உங்க கம்பெனியில காசு கட்டணுமா? ஊர்ல சொல்லிடாதீங்க, நம்மள வூட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு விமானம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. மத்தியானம். டெல்லியிலிருந்து பெங்களூர் வரும் விமானத்துக்குத் தாள் போட்டு முடிக்கும் நேரத்தில், டெல்லி கவுன்ட்டரில் வேலை பார்க்கும் நேஹா விமானத்தடியிலிருந்து கூப்பிட்டாள். நல்ல பெண், பதற்றப்படாதவள். அன்று குரல் உயர்ந்திருந்தது. விமானக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா நின்றுகொண்டு ஏற மறுக்கிறார், அவர் பேசுவது இங்கே யாருக்கும் புரியவில்லை, 'தர்மபுரி' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது, நீங்கள் அந்த ஊர்தானே என்றாள். போனை அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"சார், தமிழுங்களா?" என்று கேட்டது குரல். நான் ஆமாம் என்றதும் ஒரு பெருமூச்சு. பெயர் ஆரோக்கியமேரி. பாலக்கோட்டில் மாதா கோயில் தெரு. கூட இருப்பது வீட்டுக்காரர் சவரிமுத்து. பொங்கல் முடிந்து மகனைப் பார்க்க டெல்லிப் பக்கம் போனவர்கள், ஊரடங்கில் மாட்டி ஆறு மாதமாக ஒற்றை அறையில் கிடந்திருக்கிறார்கள். மகன் அன்று காலையில் அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு, இவர்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, தொழிற்சாலை விடுதிக்குள் போய்விட்டான். உள்ளே போனால் பதினைந்து நாளைக்கு வெளியே விட மாட்டார்கள். பெங்களூரில் கார் காத்திருக்கிறது. அந்தக் காருக்கான இ-பாஸ் அன்றைக்கு ஒரு நாளுக்கு மட்டும்தான் செல்லும். இதையெல்லாம் அந்த அம்மா ஒரே மூச்சில் சொன்னார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"இவருக்கு ஞாபகம் போயி நாலு வருசம் ஆச்சுங்க. நான் கண்ணுல படலன்னா எந்திரிச்சு வாசல் எங்கன்னு தேடிக் கெளம்பிடுவாரு. கையப் புடிச்சிக்கிட்டிருந்தாப் போதும், எம்மா நேரம்னாலும் உக்காந்துக்குவாரு. இவர நாலாவதுல போட்டிருக்காங்க, என்ன இருவத்தாறுல. அந்த வெள்ளத் துணிய வேற மாட்டிவுட்டாங்க. கிழிச்சுப் போட்டுட்டாரு."

இரண்டு பேருக்கும் நடு இருக்கை. விமானப் பணிப்பெண்கள் ஒருமுறை அவரைத் தனியாக உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எழுந்து நேராகக் கதவை நோக்கி வந்துவிட்டார். பெல்ட் போட்டு உட்கார முடியாதவரை ஏற்றிச் செல்ல முடியாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். அதிலும் தப்பில்லை. இறக்கிவிட்டால் அந்த ஊரில் அவர்களுக்குப் போக ஒரு இடம் கிடையாது.

"ஏன் சார் எங்களுக்கு வேற வேற எடத்துல போட்டாங்க?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது சிஸ்டம்மா. அதுவா போடறது" என்றேன்.

"அந்த சிஸ்டத்துக்கு வூடு வாசல் கெடையாதுங்களா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சாந்தா சாப்பாட்டுத் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாகப் பயமாக இருந்தது, ஏனென்றால் நான் எழுதிய தாளில் முதல்முறையாக ஒரு ஆள் இருந்தார்.

இருக்கையை மாற்றினால் தீர்ந்தது என்று தோன்றும். நேஹாவால் முடியாது. யாருக்காவது தொற்று வந்தால் முன்பின் வரிசைக்காரர்களைத் தேட வேண்டும் என்பதற்காக, டிக்கெட்டைச் சரிபார்த்த பிறகு இருக்கைப் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். காசு கட்டி மாற்றும் கதவும் விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடும். நாற்பத்தைந்து நிமிடம்தான் இருந்தது. பிரதீப்பைக் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டார். தனக்கு முழுமையாகப் புரிகிறது, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றார். ஆனால் ஒருவருக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள், திங்கட்கிழமைக் கூட்டத்தில் கட்டாயம் கன்ஸிடர் பண்ணலாம் என்றார். விமானம் வியாழக்கிழமை கிளம்புகிறது என்றேன். "நீங்க சாப்ட்டீங்களா?" என்றார்.

பூட்டிய பட்டியலைத் திறக்க இன்னொரு சாவி உண்டு. அது என்னிடம்தான் இருந்தது. சமநிலைக்காக ஆட்களை நகர்த்த வேண்டும் என்று லோடு கன்ட்ரோலர் எழுதினால் அதை யாரும் மறுக்க முடியாது. கம்பெனி முதலாளியே வந்தாலும் எழுந்து போய்ப் பின்னால் உட்கார வேண்டும். ஆனால் அன்றைய தாளில் புள்ளி நட்டநடுவில் அழகாக நின்றது. நகர்த்தக் காரணமே இல்லை. என் அழகான யோசனை என்னையே கட்டிப்போட்டிருந்தது. ஒரு எண்ணை மாற்றி எழுதினால் போதும். கை அங்கே போனது. நான்காகக் கிழிந்த தாள் ஞாபகம் வந்து திரும்பி வந்தது.

பொய் எண் எழுத மாட்டேன். ஆனால் எண்ணை உண்டாக்கும் பெட்டியை நகர்த்தலாம். பெட்டிகள் பாதி முன் அறைக்கும் பாதி பின் அறைக்கும் போக வேண்டும் என்று நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அப்போது பின் அறைக்குரியவை மட்டுமே ஏறியிருந்தன. முன் அறைப் பெட்டிகள் வண்டியில் காத்திருந்தன. சுமை ஏற்றும் ஆட்களின் பொறுப்பாளரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பின் அறையிலேயே ஏற்றச் சொன்னேன். அவர் காரணம் கேட்டார். இரண்டு அறையிலும் இரண்டு குழு வேலை செய்தால் உங்கள் ஆட்களுக்குள் இடைவெளி எப்படி இருக்கும், ஒரே அறை, ஒரே குழு, அதுதான் பாதுகாப்பு என்றேன். பிரதீப்பின் குரலிலேயே சொன்னேன் என்று நினைக்கிறேன். அந்த மனிதருக்கு மகிழ்ச்சி. பாதி வேலை மிச்சம்.

பெட்டிகள் பின்னால் போகப் போக என் திரையில் புள்ளியும் பின்னால் நகர்ந்தது. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் சிவப்பானது. என் வேலைக் காலத்தில் சிவப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்று ஒருமுறைதான். கணக்குப்படி பின்னாலிருந்து ஆறு பேர் முன்னால் வர வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனது. இன்வெர்ட்டர் ஒரு நொடி யோசித்துவிட்டு வேலை செய்தது. சாந்தா எதற்கும் இருக்கட்டும் என்று தன் போனையும் எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

முதல் மூன்று வரிசை அன்று விற்காமல் காலியாக இருந்தது. அதிகக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கான வரிசை. விற்காவிட்டாலும் யாரையும் உட்கார விட மாட்டார்கள். பயணிகள் பட்டியலை எடுத்து, ஒரே டிக்கெட்டில் வந்து பிரிந்து கிடந்தவர்களில் ஆறு ஜோடிகளைத் தேர்ந்தெடுத்தேன். முதல் ஜோடி ஆரோக்கியமேரியும் சவரிமுத்துவும். அப்புறம் ஒரு அம்மாவும் பத்து வயதுப் பெண்ணும். கைக்குழந்தையோடு ஒருத்தியும் அவள் புருஷனும். இப்படி ஆறு. பின்னால் இருந்தவரை முன்னாலும், முன்னால் இருந்தவரை அவர் பக்கத்திலும் போட்டு நேஹாவிடம் பெயர்களைப் படித்தேன். மூன்று இருக்கைக்கு இரண்டு பேர், ஓரமாக ஒரு இருக்கை காலி. வேடிக்கை என்னவென்றால், கம்பெனியின் அத்தனை வட்டங்களும் அங்கிகளும் செய்யாத வேலையை அந்த மூன்று வரிசை செய்தது. தெரிந்தவர்கள் ஒன்றாகவும் தெரியாதவர்கள் தள்ளியும் இருந்தார்கள்.

கேப்டன் போனில் வந்து, எல்லாப் பெட்டியும் ஏன் பின்னால் என்று கேட்டார். தொழிலாளர் பாதுகாப்பு என்றேன். எண்கள் சரியா என்றார். கிலோ சுத்தமாகச் சரி என்றேன். அது உண்மை. விமானம் ஏழு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. சவரிமுத்து ஏறிய உடனே மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டதாக நேஹா பிறகு செய்தி அனுப்பினாள். அன்று மத்தியானம் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் பிரதீப் கூப்பிட்டார். கோபமே இல்லை. முதல் மூன்று வரிசை கம்பெனியின் சொத்து என்றும், சமநிலைக்கு வேறு வழி இருந்திருக்குமே என்றும் மெல்லக் கேட்டார். தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றி நான் விரிவாகப் பேசினேன். நாம் எல்லாம் ஒரே ஃபேமிலி இல்லையா, சுமை தூக்குகிறவர்களும் அதில் சேர்த்திதானே என்றேன். இதை எழுத்தில் அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். "நோட்டட்" என்று பதில் வந்தது. கும்பிடும் கை மட்டும் இல்லை.

அடுத்த வாரம் புதிய விதி வந்தது. சமநிலைக்காக முதல் மூன்று வரிசையை இனிப் பயன்படுத்தக் கூடாது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ஒன்று உண்டு. அந்த ஆறு ஜோடிகளும் கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்காக அவர் மகன் போட்டானாம். வியாபாரப் பிரிவில் யாரோ அதைப் பார்த்திருக்கிறார்கள். ஜனங்கள் சொந்தக்காரர்களோடு உட்கார இவ்வளவு ஆசைப்படுகிறார்களா என்று ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அப்படி வளர்ந்து வந்ததுதான் இன்றைய 'உறவு'. ஆக, பிரிப்பதற்கு வழி சொன்னவனும் நான்தான். சேர்த்து வைத்தால் என்ன விலைக்குப் போகும் என்று காட்டிக் கொடுத்தவனும் நான்தான். இதைக் கார்த்திக்கின் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் போடுவார்கள்?

ஓய்வு பெற்று ஒரு வருடம்வரை பாலக்கோட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் மாதா கோயில் தெருவைத் தவிர்த்துக்கொண்டே இருந்தேன். தக்காளி வாங்க மார்க்கெட்டுக்குப் போவேன், வந்துவிடுவேன். அந்த அம்மா என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருப்பார் என்பது உறுத்தியது. ஒருநாள் சாந்தாதான், "போயிட்டு வந்துருங்க, தூக்கத்துல சிஸ்டம் சிஸ்டம்னு பெனாத்தறீங்க" என்றாள். அப்படி நான் உளறியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் போனேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. குரலைக் கேட்டதும் அந்த அம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வாசல் அறையில் சுவரோரமாக மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசி நாற்காலியில் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போட்டு, தலை வாரி, எங்கேயோ கிளம்பத் தயாராக இருப்பவர் போல. நான் பழக்கதோஷத்தில் நடு நாற்காலியை விட்டு இந்த ஓரத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் பிரதீப் ஆகிவிடுவேன் என்று பயம்.

"அன்னிக்கு சிஸ்டம்னு சொன்னேனே, அது நாந்தாங்கம்மா. பிரிச்சு உக்கார வெக்கலாம்னு யோசன சொன்னதே நாந்தான்."

ஆரோக்கியமேரி என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்படிங்களா" என்றார். பிறகு, "நடுவுல வந்து உக்காருங்க. நான் டீ வெக்கிறேன். எந்திரிச்சார்னா கையப் புடிச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நடு நாற்காலிக்கு மாறினேன். அங்கி இல்லை. அந்த அம்மா கண்ணில் மறைந்ததும் அவர் எழப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். உட்கார்ந்துவிட்டார். "வூட்டுக்குப் போலாம்" என்றார். வீட்டில்தான் இருக்கிறோம் என்று சொன்னேன். அதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கரும்பு ஆலையில் வண்டிகளுக்கு எடை போடும் மேடையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் என்று அவர் மனைவி உள்ளிருந்து குரல் கொடுத்தார். எனக்கு அதுவரை தெரியாது.

"லோடு எடை போட்டாச்சா?" என்று கேட்டார்.

"போட்டாச்சுங்க" என்றேன்.

"சரியா இருந்துச்சா?"

பொய் எண் எழுதியதில்லை என்று இவ்வளவு நேரம் பெருமையடித்துக்கொண்டேனே, அந்தப் பெருமை முழுக்க அந்த நாற்காலியில் என்னோடு உட்கார்ந்திருந்தது.

"இல்லீங்க" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டார், தனக்கு முன்பே தெரியும் என்பது போல. டீ வரும்வரை கையை விடவில்லை. நானும் விடவில்லை.